கோதை கேட்ட ஆறு பாய்

கோதை கடலைப் பார்த்தது மொத்தமே இரண்டு தடவை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கன்னியாகுமரி, கல்யாணமான புதிதில் கோவா. அந்தக் கோவாவிலும் வயிறு கெட்டுப்போய் மூன்று நாளும் அறையிலேயே படுத்துக் கிடந்தாளாம். ஆள் தாராபுரத்துக்காரி. அவள் வந்து, “அமலாக்கா, ஒரு வீட்டைக் கடற்கரை ஸ்டைல்ல அலங்காரம் பண்ணப் போறேனுங்க” என்று சொன்னால், தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த நான் என்ன செய்வேன்? சிரித்தேன். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே சிரித்தேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். நாம் சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்றால் அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவாள்.

நாங்கள் புனேயை ஒட்டிய ஆகுர்டியில் எதிரெதிர் வீடு. நான் புனே ஊருக்குள் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸிலும் பிள்ளைகளிடமும் கத்திக் கத்தி என் குரல் இப்படி ஆகிவிட்டது. கோதையின் வீட்டுக்காரர் அருணாச்சலம் ஒரு வண்டித் தொழிற்சாலையில் எஞ்சினியர். பேச்சு ரொம்பக் குறைவு. ‘ம்’ என்று அவர் சொன்னால் அன்றைக்கு அவர் நிறையப் பேசிவிட்டார் என்று அர்த்தம். கோதை சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். அதாவது, மற்றவர்கள் எழுதி வைத்ததில் எங்கே தப்பு இருக்கிறது என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனி போன வருஷம் ஆள் குறைக்கிறோம் என்று அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அழுதுகொண்டு வருவாள் என்று நான் தோளைத் தயாராக வைத்திருந்தேன். வந்தவள் என் ஹால் நடுவில் நின்றாள். காற்றைத் தேடுகிற மாதிரி கன்னத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, இந்த ஷோகேஸ் சன்னலை மறைச்சுட்டு நிக்குதுங்க. காத்து எப்படி உள்ள வரும்? அதானுங்க உங்களுக்குத் தினமும் தலைவலி.”

“ஏட்டி, வேலை போனது உனக்கா, என் ஷோகேஸுக்கா?” என்று கேட்டேன்.

அவள் அருணாச்சலத்தைக் கூப்பிட்டு ஷோகேஸை நகர்த்திவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த ஷோகேஸ், அதை நகர்த்த இவள் யார்? ஆனால் அன்று ராத்திரி ஃபேன் போடாமல் தூங்கினேன். மறுநாள் என் வீட்டுக்காரர் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளப் போனபோது, கை வைத்தால் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தப்புக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு வீடுகளின் மேல் திரும்பிவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாக நுழைந்தாள். ஒருத்தர் வீட்டில் சோஃபாவைத் திருப்பினாள், இன்னொருத்தர் வீட்டில் அலமாரியைக் கழற்றினாள். எல்லோரும் ஆகா என்றார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், வேலை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து அவளுடைய அம்மா போன் பண்ணி, “நாக்காலி நகத்தறதெல்லாம் ஒரு பொழப்பாடி?” என்று கேட்டார்களாம்.

அந்த நேரத்தில்தான் ஷ்ரேயஸ் வந்தான். ஆகுர்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருக்கிற ஒரு புதுக் கட்டடத்தில் வீடு விற்கிற பொறுப்பு அவனுக்கு. எங்கள் கட்டடச் செக்ரட்டரியின் மருமகன். மாமனார் வீட்டில் கோதை செய்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். குடி பாட்வா அன்று, அதாவது மராத்திக்காரர்களின் வருடப் பிறப்பன்று, நல்ல நாள் என்று புனேக்காரர்கள் குடும்பத்தோடு வந்து வீடு புக் பண்ணுவார்கள். அவர்களுக்குக் காட்டப் பத்தாவது மாடியில் ஒரு சாம்பிள் வீடு வேண்டும். கோஸ்டல் ஸ்டைல்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், கோதை அதைச் செய்து கொடுக்கட்டும், வருகிறவர்களுக்குப் பிடித்தால் கட்டடத்தின் அந்த விங் முழுக்க அவளுக்கே வேலை என்றான்.

அதே வாரம் பெங்களூரிலிருந்து சஹானா என்ற பெண் போன் பண்ணினாள். ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவள், சேலத்துப் பெண். பழைய டெஸ்டிங் வேலை, பெரிய பதவி. பாட்வாவுக்கு மறுநாள் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாள். கோதையின் அம்மா, அண்ணன், மாமியார் எல்லோரும் ஒரே குரலில் பெங்களூரு என்றார்கள். அருணாச்சலம் ‘ம்’ என்றார்.

“நீ என்ன சொல்லுத?” என்று கோதையைக் கேட்டேன்.

“பதினாலு வருசமா மத்தவங்க செஞ்சதுல தப்புக் கண்டுபிடிச்சுட்டு இருந்தேனுங்க்கா. ஒண்ணே ஒண்ணு நானே செஞ்சு பாக்கோணும். இந்த வீடு நல்லா வந்துச்சுன்னா, இதுதான் என் வேலை. வரலீன்னா பேசாம பொட்டி கட்டிர்றேன்.”

 அதற்குப் பிறகு அவளுடைய கடற்கரையைப் பற்றி நான் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தச் சாம்பிள் வீட்டைப் போய்ப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! கோதை வருவதற்கு முன்பே ஷ்ரேயஸ் ஆர்வக்கோளாறில் சாமான்களை இறக்கி வைத்திருந்தான். நீல நிறத்தில் யானைக்குட்டி அளவுக்கு ஒரு சோஃபா. சுவரில் கப்பல் ஓட்டுகிற சக்கரம். அதற்குப் பக்கத்தில் இரும்பு நங்கூரம். பால்கனிக் கதவில் பாதியை மறைத்து ஒரு கண்ணாடி அலமாரி, அது நிறைய சோழி, சங்கு, பிளாஸ்டிக் நண்டு. எங்கள் ஊரில் நங்கூரத்தைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் மாட்டினால், இவனுக்கு என்ன ஆயிற்று என்று சாமியாரைக் கூட்டி வந்துவிடுவார்கள்.

கோதைக்கும் பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தாள். ஷ்ரேயஸ் கேட்கவில்லை. “மேடம், ஜனங்களுக்குப் பார்த்தவுடனே கடல் என்று தெரிய வேண்டும்” என்று இந்தியில் பாடம் நடத்தினான். சரி, இருக்கிறதை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று கோதை ஒரு வழி யோசித்தாள். சுவருக்கும் தரைக்கும் நல்ல கோரைப்பாய் போட்டுவிட்டால் அந்த நீலம் அடங்கிவிடும், வீட்டுக்கு ஒரு இளைப்பாறல் வந்துவிடும்.

கோரைப்பாய்க்குக் கேம்ப்பில் அலி அக்பர் பாய் கடைதான். கீழக்கரைக்காரர், திரைச்சீலை, மெத்தை, பாய் எல்லாம் விற்பார். புனேயில் இருக்கிற தமிழ் ஆட்களுக்கு அது ‘பாய் கடை’. விற்பது பாய் என்பதால் அப்படிச் சொல்கிறோமா, விற்கிறவர் பாய் என்பதால் அப்படிச் சொல்கிறோமா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. பாட்வாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை காலையில் கோதை அந்தக் கடைக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், என் காதால் கேட்டேன்.

“ஃபரீன் கண்ணு, ஆன்ட்டி பேசறேன். ஆறு பாய் உடனே அனுப்பிச்சு விடும்மா. நல்லா நீளமா இருக்கோணும். வெளுப்பா இருக்கோணும். கசங்கல் கிசங்கல் இருக்கக் கூடாது, பெரிய ஆளுங்கெல்லாம் பாக்க வராங்க.”

ஃபரீன் அலி அக்பர் பாயின் மகள். போனில் வருகிற ஆர்டரெல்லாம் அவள்தான் பார்ப்பாள். கட்டைவிரல் படம் போட்டு, ஓகே ஆன்ட்டி என்று பதில் அனுப்பினாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு லிஃப்ட் திறந்தது. ஆறு ஆண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தரும் ஆறடி. ஆறு பேரும் தும்பைப்பூ வெள்ளையில் இஸ்திரி போட்ட குர்தா. தோளில் மட்டும் சாமான் கட்டுகிற தடிக் கயிறு. வரிசையாக உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அவர்களை மேலும் கீழும் பார்த்தோம்.

“பாய் எங்கே?” என்று கோதை இந்தியில் கேட்டாள்.

அவர்களில் மூத்தவர் தாடியைத் தடவிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நாங்கள்தான் பாய், மேடம்” என்றார்.

கோதை கடைக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஆன்ட்டி, நீங்கதானே சொன்னீங்க? லம்பா பாய், வைட்டா, இஸ்திரி போட்டு! நம்ம மார்க்கெட்ல சாமான் தூக்கறவங்கள்ல ஹைட்டா இருக்கிற ஆறு பேரைத் தேட எவ்ளோ கஷ்டம் தெரியுமா? அதுல ரெண்டு பேருக்கு ஈத் குர்தா இப்பவே போட்டு அனுப்பினேன்.”

“அய்யோ கண்ணு, நான் கேட்டது பாய்! கீழ விரிக்கற பாய்!”

“அது சட்டாயி ஆன்ட்டி! சட்டாயின்னு சொல்லணும்ல?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்தது முதல் புனே, வீட்டிலும் பாயைச் சட்டாயி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அவளுக்குப் பாய் என்றால் மனிதர் மட்டும்தான்.

அப்புறம் போனை அலி அக்பர் பாய் வாங்கினார். “தங்கச்சி, மன்னிச்சுக்குங்க. இப்ப அனுப்பலாம்னாலும் கடையில ஒரு பாய் கிடையாது. நாளை மறுநா பெருநாள் தொழுகை வரும்னு பள்ளிவாசல்காரவுக இருந்ததை எல்லாம் அள்ளிட்டுப் போய்ட்டாக” என்றார்.

கோதை அந்த நீல சோஃபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. வேலை போன அன்று அழாதவள் இன்று ஆறு பாய்க்காக அழப் போகிறாள் என்று எனக்குப் பதறியது. சிரித்ததற்காக என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

“போட்டும் விடுங்க்கா. எனக்கு எழுதி வெச்சது பெங்களூருதான்” என்றாள்.

மூத்தவர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. “வந்துவிட்டோம். சும்மா திரும்பிப் போக மனசு வராது. ஏதாவது வேலை சொல்லுங்கள்” என்றார். நோன்பு வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன். அதெல்லாம் பழக்கம்தான் என்று கையை ஆட்டினார்.

கோதை யோசிக்காமல், ஒரு பேச்சுக்குத்தான், கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றாள். ஹாலில் தள்ளி வைக்க இடம் எங்கே இருக்கிறது? நாலு பேர் அலேக்காகத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். எதிரே பூட்டாமல் கிடந்த காலி வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள்.

பால்கனிக் கதவு முழுசாகத் திறந்தது. மேற்கேயிருந்து மலை தாண்டி வருகிற சாயங்காலக் காற்று சட்டென்று உள்ளே வந்தது. கோதை எழுந்து நின்றாள். கன்னத்தைத் திருப்பினாள். எனக்கு அந்தத் திருப்பல் தெரியும். என் ஷோகேஸ் போன அன்று பார்த்தது.

“அந்த சோஃபாவையும் எடுங்க” என்றாள்.

சோஃபா போயிற்று. பளிங்கு டைனிங் டேபிள் போயிற்று. சக்கரம், நங்கூரம், பிளாஸ்டிக் நண்டு எல்லாம் போயிற்று. “ஏட்டி, ஷ்ரேயஸ் கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?” என்றேன். “கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாருங்க. அதனால கேக்கப் போறதில்லீங்க” என்றாள். இவளா டீ போட்டுக்கொண்டு வருகிறவள் என்று நான் வாயைப் பிளந்தேன்.

சூரியன் இறங்கியது. நோன்பு திறக்கிற நேரம். நான் கீழே ஓடிப்போய்ப் பேரீச்சம்பழம், வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் வாங்கி வந்தேன். அந்த ஆறு பேரும் வெறுந்தரையில் பால்கனியைப் பார்த்து அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள், தொழுதார்கள். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர் சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். இரண்டு பேர் மல்லாந்து படுத்து ஏதோ கதை பேசினார்கள். மூத்தவர் கையைத் தலைக்கு வைத்துக் குறட்டையே விட்டார். அவர் குர்தாவின் ஓரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

கோதை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“இதானுங்க்கா!”

“எதுட்டி?”

“சாமானைப் பாத்தா கடல் ஞாபகம் வரும், அவ்வளவுதானுங்க. ஆனா கடற்கரையில போய் மனுசன் என்ன பண்றான்? காலை நீட்டறான். இங்க பாருங்க, யாரும் சொல்லாமயே எல்லாரும் நீட்டிட்டாங்க.”

பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவள் நான். எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தாலே மணல். அங்கே சாயங்காலம் நாங்கள் செய்ததும் இதைத்தான். அதை இந்தத் தாராபுரத்துக்காரி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு அவள் சொல்லச் சொல்ல வேலை பறந்தது. கட்டில்களைக் கழற்றிவிட்டு மெத்தைகளைத் தரையோடு தரையாகப் போட்டோம், மராத்தி வீடுகளில் பைட்டக் என்று போடுவார்களே, அந்த மாதிரி. அதற்கு மேல் என் வீட்டு வெள்ளை சோலாப்பூர்ப் போர்வைகள். பால்கனிக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தித் திரைகள். ஏணி இல்லாமலே கை எட்டுகிற ஆட்கள் இருக்கும்போது திரை மாட்டுவது ஒரு வேலையா? சரவிளக்கைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் ஊஞ்சல் மாட்டுகிற கொக்கிகள் இருந்தன. மூத்தவர் தோளிலிருந்த கயிற்றை உருவிக் கொடுத்தார். டைனிங் டேபிளோடு வந்த பெஞ்சுப் பலகையை அதில் கட்டினோம். இருப்பதிலேயே கனமானவரை முதலில் உட்கார வைத்து ஆட்டிப் பார்த்தோம். அவர் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

பாட்வா காலை. எதிர்க் கட்டடத்துச் சன்னல்களில் பட்டுத் துணி கட்டி, மேலே சொம்பைக் கவிழ்த்த பண்டிகைக் கழிகள் நின்றன. ஷ்ரேயஸ் புது ஜிப்பாவில் வந்தான். கதவைத் திறந்தான்.

“எங்கே? எல்லாம் எங்கே? என் நங்கூரம் எங்கே?” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். “மேடம், காலி வீட்டைக் காட்டவா ஜனங்களைக் கூப்பிட்டிருக்கிறேன்? கீழே கார்கள் வந்துவிட்டன!”

போதாததற்குக் காலையில் ஹாலுக்குள் காற்றே இல்லை. நேற்று பறந்த திரைகள் ஈரத்துணி போலத் தொங்கின. முதல் குடும்பம் உள்ளே வந்தது. கணவன், மனைவி, ஒன்பது கஜப் புடவையில் ஒரு பாட்டியம்மா, கூட இரண்டு வாண்டுகள். அந்த மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, “சாமான் இன்னும் வரவில்லையா?” என்று கேட்டாள். ஷ்ரேயஸ் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். நான் திருப்பி முறைத்தேன்.

கோதையின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் அவள் நின்றது ஹால் நடுவில். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சின்ன பால்கனிக்கு, கட்டடம் கட்டியவர்கள் தூசிக்கு ஒட்டிய கனத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. நகத்தால் கிழித்தாள், வரவில்லை. பல்லால் ஒரு ஓரத்தைக் கடித்து இழுத்தாள். டர்ரென்று மேலிருந்து கீழ்வரைக்கும் கிழிந்து வந்தது.

அந்தப் பக்கம் அடைபட்டு நின்ற காற்று உள்ளே பாய்ந்தது. ஹாலில் திரைகள் எழும்பின. மெதுவாக அல்ல, ஒரே வீச்சில் கூரை வரைக்கும். வாண்டுகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடின. பாட்டியம்மா செருப்பைக் கழற்றினார். யாரையும் கேட்கவில்லை. பைட்டக்கில் உட்கார்ந்து காலை நீட்டினார். திண்டில் சாய்ந்தார். இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனார்.

மகன் பதறி எழுப்பப் போனான். “வேண்டாமுங்க, தூங்கட்டும்” என்று கோதை அவனைத் தமிழிலேயே தடுத்தாள். அவனுக்கு எப்படியோ புரிந்தது. அம்மா எழுந்திருக்கிற வரைக்கும் என்ன செய்வது? அவனும் உட்கார்ந்தான். மனைவி ஊஞ்சலில் பிள்ளைகளுக்கு நடுவே இடம் பிடித்தாள். அடுத்த குடும்பம் வந்தது, செருப்பைக் கழற்றியது, உட்கார்ந்தது. அதற்கடுத்த குடும்பமும் அப்படியே. வந்தவர் யாரும் கிளம்பவில்லை. கீழே காத்திருந்தவர்கள் என்னமோ நடக்கிறது என்று லிஃப்டில் முண்டியடித்தார்கள்.

பாட்டியம்மா கண்ணைத் திறக்காமலே மராத்தியில் கேட்டார்: “வீடு எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு, ஆயி” என்றான் மகன். அப்போதுதான் முடிவு செய்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பாட்டியம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் விசில் அடித்தேன். கணக்கு டீச்சர் விசில் அடிக்கக் கூடாது என்று எங்கும் சட்டமில்லை.

மத்தியானத்துக்குள் ஷ்ரேயஸ் கீழே மேலே ஓடி வியர்த்துப்போயிருந்தான். கோதையின் முன்னால் வந்து, “மேடம், இந்த விங் முழுக்க நீங்களே. நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள்” என்றான். நங்கூரம் இனி வேண்டாமா என்று கேட்க நான் வாயெடுத்தேன். கோதை என் காலை மிதித்தாள். அன்றைக்கும் ஷிஃப்ட் இருந்த அருணாச்சலம் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஊஞ்சல் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “கோதை, இது ரொம்ப நல்லா இருக்கு. நீ பண்ணினது ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தைகள் ஒரே மூச்சில் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கோதை போனை எடுத்தாள். நாளைக்குப் பண்ணலாமே, இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்றேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் பால்கனி ஓரத்துக்குப் போனாள். திரை அவள் மேல் விழுந்து விழுந்து விலகியது.

“சஹானாங்களா? கோதை பேசறேனுங்க. கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. ஆனா நான் வர முடியாதுங்க.” அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். இன்னும் யோசிக்கச் சொல்லியிருப்பாள், பதவியைப் பற்றிச் சொல்லியிருப்பாள். கோதை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு முதுகை நிமிர்த்தினாள்.

“இல்லீங்க. எனக்கு இங்க வேலை இருக்குதுங்க.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.  “வேலை இருக்குதுங்க்கா” என்று மறுபடியும் சொன்னாள், முதல் தடவை சொன்னது தன் காதிலேயே விழாத மாதிரி.

 அழுது தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் அவளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினேன். “தெரியுதுல்லா? அப்ப போய்ப் பாருட்டி, ஆள் வந்து நிக்காவ!”